கடைவாய் ஏலக்காய்

சோறு வந்தாச்சு என்று யாரோ சத்தம் போட்டதும் நாச்சிமுத்து நாற்காலியை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஹனோய் நகரத்தின் பழைய கடைவீதிக்குள், இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு சின்னக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஈரோட்டிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தது. ஊரிலிருந்தே கூட்டிவந்த சமையல்காரர் ரங்கண்ணன், விடுதியின் பின்கட்டில் காலையிலேயே ஆக்கியதையெல்லாம் சூடாறாத டப்பாக்களில் அடைத்து வேனில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். கடல் கடந்தாலும் கைவிடாத நம்ம சோறு என்று சுற்றுலாக்காரன் நோட்டீசிலேயே அச்சடித்திருந்தான். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பூங்கோதை, இதுலயே போலாமுங்க என்றாள். நாச்சிமுத்து அதே வரியைப் படித்துவிட்டு, கடல் தாண்டி ஓடினாலும் இது என்னை விடாது போலிருக்கிறதே என்று நினைத்தான். பக்கத்து நாற்காலியில் ஜவுளிக்கடை தெய்வசிகாமணி இப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் நக இடுக்கில் காலையில் தின்ற ஊறுகாயின் மஞ்சள் இன்னும் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போனது. கண்ணுக்கு என்ன, மூக்கு கெட்டபிறகு அதுதானே எல்லாவற்றையும் மோந்துகொண்டிருக்கிறது. பூங்கோதை எதிரே, டப்பாக்களுக்குப் பக்கத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாறத் தயாராக நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. காலையில் விடுதி அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றிக்கொண்டே, "ஊருக்குப் போனதும் நான் பெங்களூரு போயிக்கறனுங்க. பையன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். நாளைக்குத் துணி துவைக்கணும் என்பது போன்ற குரல். அவன், "எத்தன நாளைக்கு?" என்றான். கேட்ட பிறகுதான் தெரிந்தது, கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. "போயிக்கறன்னுதானுங்க சொன்னேன். வர்றேன்னு சொல்லலியே" என்றாள். சுற்றிய முடியைக் குப்பைக்கூடையில் போட்டாள். அழுதிருந்தாலாவது தலையில் கை வைக்கப் போகிற சாக்கில் ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் தலையில் கை வைப்பதற்குப் பக்கத்தில் போகவேண்டும். பக்கத்தில் போனால் அது இருக்கும்.

அது என்றுதான் மனசுக்குள் பேர் வைத்திருந்தான். வேறு பேர் கிடைக்கவில்லை. நனைந்த சாக்குக்குள் எலி செத்து ஊதிப்போய், அந்தச் சாக்கை யாரோ அப்படியே கொளுத்தி, பாதி எரிந்து அணைந்து புகைந்தால் என்ன வாடை வருமோ, அது. போன கார்த்திகையில் வந்த காய்ச்சலில் முதலில் மூக்கே இல்லாமல் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். உலகத்தைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி எல்லாம் தெரிந்தது, ஒன்றும் எட்டவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் காப்பித் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனபோது அது வந்தது. தம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தான். வேறு தம்ளர், வேறு டிகாக்ஷன், கடைக் காப்பி, எதிலும் அதே செத்த எலி, அதே சாக்கு. வெங்காயம் வதங்கினால் அது. பூண்டு தட்டினால் அது. பற்பசையில், சோப்பில், பொரித்த கறியில், கோயில் பிரசாதப் பொங்கலில் மிதந்த நெய்யில். இதில் எதுவும் சேராத பண்டம் என்றால் அட்டையை மென்ற மாதிரி. ஆக உலகத்தில் மிஞ்சியது இரண்டே வாடை, ஒன்று ஒன்றுமில்லாதது, இன்னொன்று அது. யாருக்கு வந்தாலும் வரலாம், அவனுக்கு வந்ததுதான் கொடுமை. பால்பண்ணையில் ராத்திரி ஷிப்டில் அவனுக்கு இருந்த வேலையே மூக்கு வேலை. கிராமங்களிலிருந்து வந்து இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் குனிந்து ஒரே ஒரு மூச்சு. அந்த முதல் மூச்சில் பால் பொய் சொல்லாது, இரண்டாவது மூச்சுக்குள் காற்று புகுந்து சமாதானம் பேசிவிடும். நல்ல பால் என்றால் தலையை ஆட்டுவான். புளிப்பு ஏறியது, புகையடித்தது, கழுவாத கேன், கண்ட களையைத் தின்ற மாட்டுப் பால் என்றால் நிமிராமலேயே, தள்ளு. அந்த ஒரு சொல்லுக்குக் கேன் ஓரமாக உருண்டு போகும். கருவிகள் எத்தனை வந்தும் மூடி திறக்கிற இடத்தில் மூக்கண்ணன் நிற்கவேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். மூக்கண்ணன். அந்தப் பேரைக் கேட்டால் இப்போது முதுகில் வேர்த்தது. மூடியைத் திறந்துவிடுகிற மாரப்பனின் மேலுதட்டைப் பார்த்துத்தான் இத்தனை மாசமாக ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்ட பால் என்றால் மாரப்பனுக்கே தெரியாமல் அவன் மேலுதடு இடது பக்கமாக ஒரு இழுப்பு இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு இவன் குனிந்து, மோக்கிற மாதிரி மோந்து, தள்ளு என்பான். மாரப்பனுக்குச் சளி பிடித்தால்? மழைக்காலம் வந்தாலே அவனுக்குச் சளி பிடிக்கும். மீசை வளர்த்துவிட்டால்? ஹனோயில், இத்தனை கடல் தாண்டி வந்து, முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு மாரப்பனின் மீசையை நினைத்துப் பயப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று தோன்றியதும் சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் மூச்சு உள்ளே போய்விடும். அடக்கிக்கொண்டான்.

சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. அவளிடம் சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்வாள், அண்ணன்தான் ராத்திரி ஷிப்டுக்கு மேற்பார்வை, தங்கச்சி புருஷன் என்று பார்க்காமல் மறுநாளே கேட்டில் காவலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார், அதனால்தான் சொல்லவில்லை என்று ஒரு காரணத்தை மடித்து வைத்திருந்தான். அது சாக்கு. சாக்குக்குள் இருக்கிற எலி வேறு. ஒரு பெண்ணோடு இத்தனை வருஷம் குடும்பம் பண்ணிவிட்டு, ஷிப்டு இல்லாத ராத்திரிகளில் அவள் குளித்து முழுகிப் பக்கத்தில் வந்து படுக்கும்போது, புள்ள, உன் பிடரியில் எலி செத்துக் கிடக்குது என்று எப்படிச் சொல்வது, அதற்கு எந்த ஊர்ப் பாஷையில் சொல் இருக்கிறது. சொல்லாமல் திரும்பிப் படுத்தான். திரும்பிப் படுத்தது பழக்கமாயிற்று. பிறகு கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான், புழுக்கம் என்றான். மார்கழியில் என்ன புழுக்கம் என்று அவள் கேட்கவில்லை. அதிலிருந்துதான் அவளும் என்னென்னவோ செய்ய ஆரம்பித்தாள், அவனை வதைப்பதற்கென்றே செய்கிறாளோ என்று தோன்றும்படி. குளியலறையில் சோப்பு மாறியது. சிவப்பு சோப்பு போய்ச் சந்தன சோப்பு வந்தது, அது போய்ப் பச்சையாக ஒன்று. ஒவ்வொன்றிலும் அது இன்னும் கொழுத்து வந்தது. பகலில் ஒரு குளியல் என்று இருந்தவள் மூன்று வேளையும் குளித்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள், மல்லிகை வைப்பதை விட்டாள். வயசாகிற காலத்தில் இவளுக்கு என்ன மினுக்கு என்று எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும்விட அந்த ஏலக்காய். தைமாசம் போல ஆரம்பித்தது. விடிந்து எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் கடைவாயில் ஒரு ஏலக்காய். கன்னத்தில் சின்னதாக ஒரு மேடு. பேசும்போது நாக்கு அதை ஒதுக்கிக்கொண்டு பேசும், நடுநடுவே பல்லில் பட்டு டிக் என்று ஒரு சத்தம். வெற்றிலை போடுகிற வயசு வந்துவிட்டதாக்கும், வெற்றிலைக்குப் பதில் இது என்று நினைத்தான். பூண்டில் அது இருக்கும், வெங்காயத்தில் இருக்கும், ஆனால் ஏலக்காயில் அது வாசல் திறந்துவைத்து விருந்தே நடத்தும். அவள் வாயைத் திறந்து ஏனுங்க என்று கூப்பிட்டால் போதும், அவன் தலை தானாக அப்பால் திரும்பும். திரும்பக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து நிறுத்தினாலும் திரும்பும். முகத்தைத் திருப்புகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும். அவள்தான் பையனிடம் போனில், அப்பாவுக்கு எடம் மாறுனா சரியாப் போகும் சாமி, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறேன் என்று அடுக்களையில் மெதுவாகச் சொன்னது இவன் காதில் விழுந்தது. காதுதான் நன்றாக இருக்கிறதே.

இடம் மாறியது. மாறி என்ன. விடுதியில் காலைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் காலை வைக்கும்போதே காப்பியும் முட்டையும் பன்றிக்கறியும் சேர்ந்து அது ஒரு சுவராக நின்றது. அதைத் தாண்டிப் போனால் கண்ணுக்கு விருந்து. கிண்ணத்தில் நடுங்குகிற வெள்ளைக் கட்டி. கஞ்சியின் மேல் மிதக்கிற கறுத்த முட்டை, அதன் மஞ்சள் பச்சையாகிக் கண்ணில் பூ விழுந்த மாதிரி. தெருவில் தாம்பாளத் தண்ணீரில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டு விலாங்குகள். ஒரு கிழவர் நத்தையை உதட்டில் வைத்து உறிஞ்சிய சத்தம், அதுபோல ஒன்றை ராத்திரி தூக்கத்தில் கேட்டு எழுந்து உட்கார்ந்தான். நேற்றுப் படகில் வெந்த கணவாயை இழுத்து இழுத்துக் கடித்த ஒரு பெண்ணின் தாடை. இன்னொரு கடையில் வாத்து முட்டையை உடைத்தால் உள்ளே குஞ்சு, இறகின் சாயலோடு கண்ணை மூடிக்கொண்டு, அதற்கும் உப்பு மிளகு தொட்டுக்கொண்டார்கள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவற்றின் மேல் கோபம் வரவில்லை. தெரியாத பாஷையில் யாரோ யாரையோ வைகிற மாதிரி, காதில் விழுகிறது, நெஞ்சில் விழவில்லை. நெஞ்சில் விழுவதெல்லாம் ரங்கண்ணனின் டப்பாதான். இதோ, திறந்துவிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு. நாச்சிமுத்து மூச்சைப் பிடித்தான். கூடமே ஆ என்றது. "அடடா, என்ன வாசம், என்ன வாசம், இதுக்காச்சே நாலு நாள் தங்கலாமே" என்றார் தெய்வசிகாமணி. எல்லாருடைய தட்டிலும் சோறு விழுந்தது. வாய்கள் திறந்தன. வாய் என்பது எவ்வளவு அசிங்கமான ஓட்டை என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்ததே. உள்ளே ஈரம், சிவப்பு, ஓரத்தில் நுரை. பிசைந்த சோறு விரலிடுக்கில் வழிந்து முழங்கையை நோக்கி இறங்குவதற்குள் நாக்கு ஓடிப்போய்ப் பிடித்தது. மோர்மிளகாய் கடிபடும் சத்தம் எலும்பு முறிவது போலக் கேட்டது. தெய்வசிகாமணி ஒரு ஏப்பம் விட்டார், விட்டுவிட்டு, பயணத்தில் தானாகக் கட்டிக்கொண்ட முறை வைத்து, "ஏனுங் மச்சான், நானும் வந்த நாள்லருந்து பாக்கறேன், நீங்க தட்டுல கோலம் போட்டுட்டு எந்திரிச்சுப் போறீங்க. தங்கச்சி போடற சோறு அத்தன மோசமா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள், சிரித்தாக வேண்டிய இடத்தில் சிரிப்பது போல. தூக்குவாளி ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். "ரசம். ரங்கண்ணன்கிட்ட அடுப்பக் கேட்டு வாங்கி நான் வெச்சது. பூண்டு போடல. கொஞ்சமாச்சும் உண்ணுங்க" என்றாள். டிக். வாளியின் மூடி திறந்தது. முதல் மூச்சு. மிளகிலும் சீரகத்திலும் அது, அதற்குப் பின்னாலேயே அவள் வாயிலிருந்து ஏலக்காயில் ஏறி உட்கார்ந்து வந்த அது. தலை திரும்பிவிட்டது. வேண்டுமென்று திருப்பவில்லை, சாமி சத்தியமாக இல்லை. அவள் கரண்டியைச் சோற்றின்மேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நிமிர்ந்து ஒரு கணம் நின்றாள். போயிக்கறன்னுதானுங்க சொன்னேன், வர்றேன்னு சொல்லலியே. அதை மறுபடி சொல்லவில்லை. ஆனால் அந்த நிற்பில் அந்தச் சொல் இருந்தது. ஊருக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் பொழுதுதான் இருக்கிறது, அதற்குள் சொல்லியாக வேண்டும், இந்த ரசம் ஆறுவதற்குள் சொல்லியாக வேண்டும், என்ன என்று சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, எலியிலிருந்தா, மாரப்பனின் உதட்டிலிருந்தா. தட்டில் ரசம் சோற்றுக்குள் மெல்ல இறங்கி மஞ்சளாக ஒரு குட்டை கட்டியது. அதில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது. அந்த இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் தெய்வசிகாமணி, "அய்யய்யோ, இதென்ன கருமம்!" என்று இடது கையால் மூக்கைப் பிடித்தார். ஒருத்தர் பிடித்ததும் வரிசையாக எல்லாரும் பிடித்தார்கள், பெண்கள் முந்தானையால், ஆண்கள் துண்டால். சந்தின் எதிர்ப்பக்கத்தில், இரண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஒரு பெண்பிள்ளை கடை போட்டிருந்தாள். காலையிலிருந்தே அங்கே இருந்திருப்பாள், இப்போதுதான் ஆள் சேர ஆரம்பித்திருந்தது. முக்காலி உயரத்துக்கு நீலப் பிளாஸ்டிக் ஆசனங்கள், மூங்கில் தட்டில் இலை விரித்து வெள்ளைச் சேவைக் கட்டிகள், எண்ணெயில் பொரிகிற சோயாப் பன்னீர்த் துண்டுகள். ஒரு ஜாடியிலிருந்து ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு விழுதைக் கரண்டியில் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சை போல ஒன்றைப் பிழிந்து, குச்சிகளால் விடாமல் அடித்தாள். அது நுரைத்துப் பொங்கியது. "லானம்மா, எதிர்க்கடையில பொணமா வேகுது?" என்று தெய்வசிகாமணி கத்தினார். லான் என்பது அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெண். வாங்க, போலாம், சீக்கிரம் என்று மூன்று தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எல்லாரையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். இறால், உப்புப் போட்டு மாசக்கணக்கில் புளிக்கவிட்ட இறால் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்கள் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் ஓடுவார்கள் என்று அவளும் சிரித்தாள். "கதவச் சாத்துங்கப்பா, சோறு உள்ள எறங்க மாட்டேங்குது" என்றது ஒரு குரல். நாச்சிமுத்து மூக்கைப் பிடிக்கவில்லை. அவனுக்கு எதற்கு. அது எப்படியும் வரும், எந்த உருவத்தில் வந்தால் என்ன. வரட்டும் என்று பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். விட்டால் இழுத்துத்தானே ஆகவேண்டும். இழுத்தான். முதலில் உப்பு. கடலில் இருக்கிற உப்பு இல்லை, கரையில் கிடந்து வெயில் குடித்த உப்பு. அதற்குக் கீழே அழுகல், இறாலின் தலை மட்டும் அழுகிய மாதிரி கூர்மையாக, கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற அழுகல். அதற்கும் கீழே, கேனின் அடியில் தங்கிய கசடு போல, லேசாக ஒரு இனிப்பு. வாய் முழுக்க உமிழ்நீர் ஊறியது. தள்ளு, என்றது உள்ளே ஒன்று. தள்ளு, தள்ளு, இது பாலாக இருந்தால் லாரியோடு தள்ளு. அப்படியே விறைத்துப்போனான். யார் சொன்னது? மாரப்பன் இங்கே இல்லை. எந்த உதட்டையும் அவன் பார்க்கவில்லை. மறுபடி இழுத்தான். உப்பு, அழுகல், அடியில் இனிப்பு. மூன்று. தனித்தனியாக மூன்று. எலி இல்லை, சாக்கு இல்லை, புகை இல்லை. அது இல்லை! நாற்றம், சகிக்க முடியாத நாற்றம், தன் சொந்தப் பேரில் வந்து நிற்கிற நாற்றம். கார்த்திகையில் தொலைந்துபோன ஒன்று குப்பைமேட்டில் நின்றுகொண்டு கையாட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அருவருப்பில் உடம்பு சிலிர்த்தது, அந்தச் சிலிர்ப்பு எங்கே போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

எழுந்தது தெரியாது. தட்டை நாற்காலியில் வைத்தானா கீழே வைத்தானா தெரியாது. சந்தில் வந்த ஸ்கூட்டர் ஒன்று ஹாரன் அடித்து வளைந்து போனது மட்டும் தெரிந்தது. கடைக்காரப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள், அவன் மூக்கை விரலால் தொட்டுக் கிண்ணத்தைக் காட்டினான். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒரு நீல ஆசனத்தைக் காலால் தள்ளிவிட்டு மூங்கில் தட்டை முன்னால் வைத்தாள். உட்கார்ந்தால் முழங்கால் காதை இடித்தது. காலடியில் கசக்கிப்போட்ட காகிதத் துடைப்பான்களும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் சிதறிக் கிடந்தன, எல்லாரும் கீழேயே போடுகிறார்கள். குச்சியைப் பிடிக்க வராமல் விரலாலேயே ஒரு துண்டை எடுத்து அந்த நுரையில் தோய்த்து வாயில் போட்டான். ஓங்கரித்தது. கண் நிறைந்தது. விழுங்கினான். இன்னொரு துண்டு. தொண்டை வேண்டாம் வேண்டாம் என்று மூட, மூக்கு இன்னும் இன்னும் என்றது. உப்பு, அழுகல், இனிப்பு. இப்படி ஒன்றை மனுஷன் தின்பானா என்று குமட்டக் குமட்டத் தின்றான். கூடத்தின் வாசலில் தலைகள் முளைத்தன. "அடேய், மச்சான் போயிட்டாருடா! போயே போயிட்டாரு!" "நம்மூர்ச் சோறு எறங்காதாம், பொணக்குழம்பு எறங்குதாம்." "தங்கச்சி, இனி ஊருக்குப் போயி நாலு எறால ஊறப்போட்டு வெய்யி, வேலை மிச்சம்." சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் அவனுக்கு உறைத்தது. எட்டிப் பார்க்கிற தலைகளுக்கு நடுவே பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள், கையில் ரசக் கரண்டியோடு. அவள் என்ன பார்த்திருப்பாள்? அவள் வைத்த ரசத்திலிருந்து முகத்தைத் திருப்பியதைப் பார்த்தாள். எழுந்து வந்து, ஊரே மூக்கைப் பிடிக்கிற ஒன்றை, விரலை நக்கி நக்கித் தின்பதைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும். பெங்களூருக்கு இனி டிக்கெட்கூட வேண்டாம், இங்கிருந்தே நடந்து போய்விடுவாள். கரண்டியை யாரிடமோ கொடுத்தாள். சந்தைக் கடந்து வந்தாள். வந்து, அவனுக்கு முன்னால், சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்குதுங்களா?" என்றாள். வாயில் இருந்ததை விழுங்கினான். "இல்ல. நாறுது." "அப்பறம் எதுக்குத் திங்கறீங்க?" "நாறுதே, அதுக்குத்தான்" என்றான். அவள் முகம் சுண்டியது. கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டாள். "அப்ப நான் வெச்ச ரசம் இதவிட நாறுதுங்களா?" கேட்டேவிட்டாள். இத்தனை மாசமாகக் கேட்காதது. இல்லை என்று சொல்லிவிடலாம், நாக்கு அந்தப் பொய்யை மடித்துத் தயாராக வைத்திருந்தது. "ஆமா" என்றான்.

கொசுவத்தைப் பிடித்திருந்த அவள் கை கீழே இறங்கியது. பின்னால் சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "ரசம் மட்டும் இல்ல, கோதை" என்றான், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து. "காப்பி. பல்லுத் தேய்க்கற பேஸ்ட்டு. சோப்பு. வெங்காயம். கோயில்ல குடுத்த பொங்கலு. அந்தக் காய்ச்சல்லருந்து மூக்கு போயிருச்சு. எல்லாத்துலயும் ஒரே வாடை. பண்ணையில மாரப்பன் மூஞ்சியப் பாத்துத்தான் பால் தள்ளிட்டிருக்கேன். இது ஒண்ணுதான், இந்தக் கருமம் ஒண்ணுதான், இன்னிக்குத் தன் சொந்த வாடையில நாறுச்சு." பூங்கோதை மெதுவாக, ஒரு கையைத் தட்டின் விளிம்பில் ஊன்றி, எதிரே இருந்த நீல ஆசனத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் அவளுக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கிண்ணத்தை விரலால் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "நானு?" என்றாள். அவன் விரலில் ஒட்டிய நுரையைத் துடைத்தான். "நானு, எப்படி நாறுறேன்? சொல்லுங்க." "செத்த எலி" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், அடி விழுந்தால் விழட்டும் என்பது போல. அடி விழவில்லை. "எலியா" என்றாள். பெருமூச்சும் இல்லை, அழுகையும் இல்லை, ஏதோ ஒன்று அவளிடமிருந்து வெளியே வந்தது. "மொதல்ல சோத்துலதான் ஏதோ கொறைன்னு நெனச்சேன். அப்பறம் மேலுதான் வேர்க்குதோன்னு சோப்ப மாத்தி மாத்திப் பாத்தேன். அப்பறம் வாய். உள்ளுக்குள்ள ஏதோ அழுகுதாக்கும், எனக்குத்தான் தெரியல, பக்கத்துல படுக்கறவருக்குத் தெரியுதுன்னு பல் டாக்டர்கிட்டப் போயி வாயத் தொறந்து காட்டுனேன். ஒண்ணுமில்லீங்கம்மான்னு அனுப்பிட்டான். நம்பல. வேறொருத்தன்கிட்டப் போனேன். அவனும் அதயேதான் சொன்னான். ரெண்டு பேரும் மரியாதைக்குப் பொய் சொல்றாங்கன்னு நெனச்சு..." நிறுத்தினாள். டிக் என்றது. நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தான். கன்னத்து மேட்டைப் பார்த்தான். வெற்றிலைக்குப் பதில் என்று நினைத்தானே, மினுக்கு என்று நினைத்தானே. மூன்று வேளைக் குளியல். எண்ணெய் வைக்காத தலை. பூ இல்லாத பின்னல். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மூடியாகத் திறந்தது. "எதுல ரொம்ப அடிக்குது?" என்று அவள் கேட்டாள், எந்தப் பாத்திரம் ஒழுகுது என்று கேட்கிற குரலில். அவனுக்குச் சொல்ல மனசு வரவில்லை. சொல்லாமல் இருந்துதானே இவ்வளவும். "ஏலக்காய்ல" என்றான்.

அவள் நாக்கு அசைந்தது நின்றது. கன்னத்து மேடு ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்து அதைத் துப்பினாள். சப்பிச் சப்பி வெளுத்துப்போன ஒரு சின்னத் தோல், பக்கத்தில் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல். அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கையைத் தட்டுக்குக் கீழே உதறினாள். எலுமிச்சைத் தோல்களுக்கும் கசங்கிய காகிதங்களுக்கும் நடுவே அது விழுந்தது. "மாரப்பனுக்குச் சளி புடிச்சா ஊரே கெட்ட பாலைக் குடிக்கறதா?" என்றாள் திடீரென்று, அவன் அத்தனை ராத்திரியும் நினைத்து வேர்த்ததை, ஒரே வீச்சில். "ஊருக்குப் போயி அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். கேட்டுல நின்னா கால் ஒண்ணும் தேஞ்சு போயிராது." ஊருக்குப் போய் அண்ணனிடம் சொல்லிக்கொள்வாளாம். அந்த வாக்கியத்துக்குள் பெங்களூரு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை. வாசலிலிருந்து தெய்வசிகாமணி, "தங்கச்சி, நீயுமாம்மா!" என்று அலறினார். பூங்கோதை திரும்பிப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து, ஓரத்தை மட்டும் நுரையில் தொட்டு, மூக்குக்கு நேரே கொண்டுபோனாள். முகம் அப்படியே கோணிக்கொண்டது, மேலுதடு இடது பக்கமாக இழுத்தது. "உவ்வே! இதையா தின்னீங்க?" என்று துண்டை அவன் தட்டிலேயே வீசிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இப்ப?" என்று, தட்டுக்கு மேலே அவன் பக்கமாகச் சாய்ந்தாள். என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மூடி திறந்த கேனுக்குக் குனிவது போல அவள் கழுத்துப் பக்கம் குனிந்தான். ஒரே மூச்சு, முதல் மூச்சு. அது இருந்தது. எலி, சாக்கு, அணைந்த புகை, எல்லாம் அப்படியே. "இருக்குதுங்களா?" என்றாள். "இருக்குது" என்றான், நகராமல்.